செவிமடுப்பு விழா

உலகெங்கும் வாழும் செந்தமிழ்ப் பெருமக்களின் மேலான கவனத்திற்கு!

மொழி தோன்றி, மேடை தோன்றி, மைக்செட் தோன்றிய நாள்தொட்டு இம்மண்ணுலகு கண்டிராத நிகழ்வு ஒன்று, திருவள்ளுவர் ஆண்டு 2069, சித்திரைத் திங்கள் ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாக ஆறு மணிக்குக் கடலூரில் நிகழவிருக்கிறது. பதினோராயிரம் மேடை கண்ட சொற்கொண்டல், நாநலப் பேரரசர், நடுவர் திலகம் அ. பூவராகனார் அவர்களின் திருவாய்ச் சொல்லை, பிறவிதொட்டுச் செவிப்புலன் வாய்க்கப்பெறாத அன்னாரின் வாழ்க்கைத் துணைவியார் குமுதவல்லி அம்மையார் அவர்கள், அறிவியலின் துணைகொண்டு முதன்முறையாகச் செவிமடுக்கவிருக்கிறார்கள். அனைவரும் வருக! இரவு உணவு உண்டு.

மஞ்சக்குப்பம் முழுக்கக் கட்டியிருந்த இந்தப் பதாகையில் கடைசி வரியை மட்டும் நம்பலாம். முப்பது வருடத்தில் பதினோராயிரம் மேடை என்றால், தீபாவளிக்கோ, அம்மை போட்டதற்கோ, பெற்ற அப்பாவின் காரியத்துக்கோ லீவு போடாமல் தினம் ஒரு கூட்டம் பேசியிருக்க வேண்டும். விழாக்குழுச் செயலாளர் நெடுஞ்சேரலாதனிடம் இதைச் சொன்னபோது, "அய்யா, கணக்குப் பாத்தா இலக்கியம் வளருமா?" என்று கேட்டுவிட்டார்.

பூவராகனுக்கு வயது ஐம்பத்தாறு. 'ஆணுக்கு உற்ற துணை மனைவியா, செல்போனா?' என்ற தலைப்புக்கு மட்டும் நானூறு தடவை நடுவராக உட்கார்ந்திருக்கிறார். நானூறு தடவையும் மனைவி என்றுதான் தீர்ப்பு. ஒரு தடவைகூட மனைவி அதைக் கேட்டதில்லை.

குமுதவல்லி அவருக்குத் தாய்மாமன் மகள். காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். முத்து முத்தாகத் தமிழ் எழுதுவாள், எதையும் வாசிப்பாள். குழந்தை இல்லை. அந்த வீட்டில் அழைப்பு மணியை அழுத்தினால் அடுக்களையில் ஒரு பச்சை விளக்கு எரியும். மற்றதெல்லாம் கைப்பேச்சு, இல்லாவிட்டால் துண்டுச் சீட்டு.

வெளியூர்க் கூட்டம் முடிந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால், பூவராகன் பச்சை விளக்கை எரிய விடமாட்டார். தன் சாவியால் கதவைத் திறந்து, முதுகு காட்டி நிற்கும் அவளுக்கு நாலடி பின்னால் போய் நின்று, "குமுதா" என்பார். மேடைக் குரல் இல்லை அது. அந்தக் குரலை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. திரும்பமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் ஒரு நொடி நிற்பார். பிறகு சுற்றி முன்னால் போய் தன் மோவாயில் இரண்டு விரலால் தட்டுவார். கைப்பேச்சில் அவள் பெயர் அதுதான். அவள் சிரிப்பாள். காபி வரும்.

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அந்த ஒரு நொடியை அவர் ஒருநாளும் விட்டதில்லை. கோயம்புத்தூரில் ஐயாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய மறுநாள் காலையும் அடுக்களையில் வந்து அப்படித்தான் நின்றார்.

எனவே புதுச்சேரி டாக்டர் பெனடிக்டா ஒரு வழி இருக்கிறது என்று சொன்னபோது, சொற்கொண்டலுக்குச் சொல் வரவில்லை. அரை நிமிடம்தான். அப்புறம் வந்துவிட்டது.

"சுருங்கச் சொல்லி விளங்க வைங்க, டாக்டரம்மா."

"காது நல்லாதான் இருக்கு சார். சத்தம் உள்ள போவுது. உள்ள இருக்கிற செல்லு அதை வாங்கி நரம்புகிட்ட குடுக்கணும். அந்தக் குடுக்கிற வேலைக்கு ஒரு புரதம் வேணும். அதைச் செய்யிற மரபணு இவங்களுக்குப் பிறவியிலயே பழுது. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிற குடும்பங்கள்ல இது கொஞ்சம் ஜாஸ்தி."

"எங்க குடும்பத்தில் வெளியே கட்டினவர் யாருமில்லை" என்றார் பூவராகன், ஏதோ பட்டம் வாங்கியதுபோல.

"நல்ல மரபணுவை ஒரு வைரஸ்ல ஏத்தி காதுக்குள்ள விடுவோம். நோய் குடுக்காத வைரஸ். ஆனா இந்த மரபணு ரொம்பப் பெருசு, ஒண்ணுல ஏறாது. ரெண்டு துண்டாக்கி ரெண்டுல அனுப்பினா, உள்ள போய் ஒட்டிக்கும்."

"நெடுஞ்சேரலாதன் அடிக்கிற சுவரொட்டி மாதிரி. என் தலை ஒரு தாள், உடம்பு ஒரு தாள்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அது சுலபம் சார். பல வருஷமா குழந்தைங்களுக்குச் செய்யிறோம். பெரியவங்களுக்குத்தான் வேற சிக்கல். நாப்பத்தெட்டு வருஷம் சத்தமே அறியாத மூளை, திடீர்னு வர்றதை இரைச்சல்னு ஒதுக்கிடும். பேச்சு படிக்கிற சன்னல் சின்ன வயசுல திறந்திருக்கும், அப்புறம் மூடிக்கும். அதைத் திரும்பத் திறக்க இப்ப மாத்திரை வந்திருக்கு. நூறு நாள் திறந்திருக்கும். ஆயுசுக்கும் ஒரே தடவைதான்."

"இவளுக்குத்தான் தமிழ் தெரியுமே?"

"அது கண்ணு படிச்ச தமிழ். காது முதல்லேர்ந்து படிக்கணும். அந்த நூறு நாளும் நீங்க அவங்ககிட்ட பேசணும்."

பூவராகன் மார்பில் கை வைத்துச் சிரித்தார். "பேசுவதுதானே அம்மா என் தொழில்!"

"தொழில் பேச்சு வேணாம் சார். 'உப்பு பத்தலை', 'மழை வரும்போல', அந்த மாதிரி. குழந்தைகிட்ட பேசுவோமில்ல, அப்படி."

அவர் முகம் சற்றே வாடியது. உலகத்தரம் வாய்ந்த பாடகரிடம் போய் தெருவில் கோலமாவு விற்கக் கூவச் சொன்னால் வாடுமே, அப்படி.

ஐப்பசியில் ஊசி போட்டார்கள். மார்கழி நடுவில் ஒருநாள் குமுதவல்லி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து ஒரு சீட்டை நீட்டினாள். 'மாமா, மரத்தில் கறுப்பாக உட்கார்ந்திருப்பது என்ன செய்கிறது? நிறுத்தச் சொல்லுங்கள்.' காக்கை. அன்று முழுக்க அவர் அழுதுகொண்டே இருந்தார். மறுவாரம், நாலடி பின்னால் நின்று "குமுதா" என்றார். அவள் திரும்பினாள். கரண்டி விழுந்தால் திரும்புவதுபோலத்தான் திரும்பினாள். ஆனாலும் திரும்பினாள்.

மார்கழி இருபத்தைந்தாம் நாள் முதல் மாத்திரை. அன்றே அவளை எதிரில் உட்கார வைத்தாகிவிட்டது. பூவராகன் தொண்டையைச் செருமினார்.

"அன்பிற்கினிய குமுதா அவர்களே..."

அதற்குமேல் நகரவில்லை. நாற்பது பேருக்குக் குறைந்த கூட்டத்தில் அவர் பேசி இருபது வருடமாகிறது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தினார். கைதட்டல் வரவில்லை. அவள் அடுத்து என்ன என்பதுபோலப் பார்த்தாள். அவரும் அடுத்து என்ன என்று தெரியாமல் பார்த்தார். ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் பொங்கல்.

தை முதல் பங்குனி வரை பட்டிமன்றக்காரர்களுக்கு அறுவடைக் காலம். எழுபத்தொரு கூட்டத்துக்கு ஆறு மாதம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு மாலைப் பொழுது அல்லாடினார். பிறகு அவருக்கே உரிய ஒரு யோசனை உதித்தது. அவருடைய பேச்சு முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பதிவாகி இருக்கிறது. வீட்டில் நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கர் வைத்தால் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை அவரே பேசுவார். நேரில் பேசினால் இருமல் வரும். பதிவில் இருமலையெல்லாம் எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

நெடுஞ்சேரலாதன் கண் கலங்கினார். "அம்மா குடுத்து வெச்சவங்க அய்யா. பால்குடி வயசுல யாருக்குக் கிடைக்கும் இந்தத் தமிழ்!"

முதல் வாரம் ஊரிலிருந்து திரும்பியபோது மேசைமேல் சீட்டு இருந்தது. 'பெட்டிக்குள் பேசுகிறவருக்கு என்ன கோபம்?'

'அது நான்' என்று எழுதிக் காட்டினார்.

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். 'பாவம்' என்று எழுதினாள்.

பக்கத்து மனையில் ஐந்து மாடி அடுக்ககம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுவது ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். புதுத் தளத்துக்கு நாளெல்லாம் தண்ணீர் அடிக்கிற வேலை சஞ்சுக்தா என்ற பெண்ணுக்கு. அவளுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை மணல் குவியலில் கிடக்கும். மோட்டார் பழுதான ஒருநாள் குமுதவல்லி மதில்மேல் ரப்பர் குழாயை நீட்டி, தன் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தாள். மறுநாள் குழந்தையைத் தூக்கி நீட்டினாள் அந்தப் பெண். அப்புறம் மதிலில் இரண்டு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு ஏறிப்போக ஒரு பலகை போட்டாகிவிட்டது. பூவராகன் வந்த நாட்களில் இதைப் பார்த்தார். வீட்டுக்குள் பெட்டி முழங்கிக்கொண்டிருக்கும். அவள் மதிலோரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். பொழுது போகிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். 'செவிக்கு இனிது தமிழே' என்ற தலைப்பு, பண்ருட்டியில்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் புதுச்சேரியில் பரிசோதனை. நாலு படத்தைக் காட்டி, ஒலிபெருக்கியில் ஒரு சொல் வரும், எந்தப் படம் என்று தொட வேண்டும். 'யானை' என்றது. குமுதவல்லி குடையைத் தொட்டாள். 'தண்ணீர்' என்றது. யோசித்துவிட்டு ஆட்டைத் தொட்டாள். அறுபது சொல்லில் பதினாலு சரி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பதினைந்து வரும்.

பூவராகன் டாக்டர் பக்கம் திரும்பினார். "மருந்து வேலை செய்யலையா?"

"அதான் புரியலை." டாக்டர் பெனடிக்டா மூளைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேச்சுக்கான இடம் ஜெகஜோதியா எரியுது சார். இப்படி ஒரு முன்னேற்றம் எங்க பட்டியல்லயே யாருக்கும் இல்ல. ஆனா தமிழ் ஒரு வார்த்தை ஏறலை."

அப்போது வெளியே வராந்தாவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. குமுதவல்லி. வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த இளைஞன் செல்போனில் யாரிடமோ படபடவென்று பேசிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவன் போனை வைத்ததும் வாயைத் திறந்து கேட்டாள்.

"பாத்தொ காயிலொ கி?"

அவன் ஆடிப்போய் எழுந்து நின்றான். மளமளவென்று ஏதோ சொன்னான். அவள் பதில் சொன்னாள். அவன் மறுபடி சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்னப்பா? என்ன கேக்கறாங்க?" என்றாள் டாக்டர்.

"சாப்ட்டியான்னு கேக்குது மேடம். நான் எங்கம்மாகிட்ட பொய் சொல்லிச்சு, மீன் கொழம்பு சாப்ட்டேன்னு. அம்மா அது கண்டுபிடிச்சிச்சு." பூவராகன் பக்கம் திரும்பினான். "சாருக்கு ஒடிசால கஞ்சாம் ஜில்லாவா? மேடம் எங்க ஊர் பேச்சு பேசுது."

சொற்கொண்டல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்ததும் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஸ்பீக்கரா வெச்சீங்க? ஸ்பீக்கர்லேர்ந்து எந்தக் குழந்தையும் பேச்சு படிக்காது சார். எவ்வளவோ ஆராய்ச்சி இருக்கு. முகம் வேணும். கண்ணு வேணும். குழந்தை ஒரு பொருளைக் காட்டினா அதைப் பாத்துட்டுப் பேர் சொல்ற ஆள் வேணும். அந்தம்மா தன் குழந்தைக்குச் சொல்லிக் குடுக்கக் குடுக்க, இவங்களும் கூடவே உக்காந்து படிச்சுட்டாங்க."

"இன்னும் எட்டு நாள் இருக்கிறதே?"

"இருக்கு. வீட்ல இருங்க. பேசுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

இருந்தார். மிச்சமிருந்த ஐந்து கூட்டத்தையும் ரத்து செய்தார். நாலு ஸ்பீக்கரையும் பரணில் ஏற்றினார். மதிலில் எடுத்த செங்கல்லைத் திரும்ப வைக்கலாமா என்றுகூட நினைத்து, 'எட்டு நாளைக்கு மட்டும் அங்கே போகாமல் இரேன்' என்று எழுதி நீட்டினார்.

அவள் சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் எழுதினாள். 'இந்த மாசத்தோடு இங்கே வேலை முடிகிறதாம். அவர்கள் ஓசூர் போகிறார்கள். அதற்கப்புறம் நான் யாரிடம் பேசுவேன் மாமா?'

"என்னிடம்" என்று வாயால் சொன்னார். அவளுக்கு அது ஒரு சத்தம்.

பேசிப் பார்த்தார். "இது... தோசை. தோசை என்பது யாதெனில்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். "தோசை" என்றார். அவள் தலையாட்டினாள். "சூடா இருக்கு." தலையாட்டினாள். பிறகு என்ன சொல்வது? மனைவியின் மாண்பைப் பற்றி மூன்று மணி நேரம் குறிப்பில்லாமல் பேசக்கூடிய மனிதருக்கு மனைவியிடம் சொல்ல மூன்றாவது வாக்கியம் இல்லை. நாலாம் நாள் கையிருப்பு முற்றிலும் தீர்ந்துபோய், பலகையைத் தாண்டி அவள் பின்னாலேயே பக்கத்து மனைக்குப் போனார்.

சிமென்ட் மூட்டை ஒன்றின்மேல் உட்கார வைத்தார்கள். குழந்தை அவர் செருப்பை எடுத்துக்கொண்டது. குமுதவல்லி பேசினாள்.

அவளுக்குக் குரல் இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, நடுவில் அவசரம், முடிகிற இடத்தில் லேசாக மேலே தூக்கல். சஞ்சுக்தா ஏதோ சொல்ல, இவள் இல்லை இல்லை என்பதுபோல இடைமறித்து, கையை ஆட்டி, ஒரு நீளமான கதை சொன்னாள். நடுவில் யாரையோ போலப் பேசிக் காட்டினாள். கதையில் ஒரு ஆள் நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமினான். சஞ்சுக்தா விழுந்து விழுந்து சிரித்தாள். ஓரக்கண்ணால் பூவராகனைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கேலிதான். அவருக்குக் கோபம் வரவில்லை. இருபத்தேழு வருடமாக அவளிடம் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. கிண்டல் இருந்திருக்கிறது. அவர் நாலடி தள்ளி, காது இரண்டும் நன்றாகக் கேட்கும் மனிதராக உட்கார்ந்து, ஒரு சொல்லாவது பிடிபடாதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டங்களில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து அப்படித்தான் பார்ப்பாள்.

எட்டு நாளில் அவள் காதில் மூன்று தமிழ்ச் சொல் ஏறியது. 'குமுதா', 'காபி', 'போதும்'.

விழாவை நிறுத்த முடியவில்லை. "ஒடியாவா?" என்று நெடுஞ்சேரலாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, இது வெளிய தெரிஞ்சா நாம ஊர்ல தலைகாட்ட முடியுமா? அமைச்சர் வர்றார். அம்மா வந்து உக்காந்தா போதும். கேட்டாங்களா, புரிஞ்சுதான்னு யாருக்குத் தெரியும்?"

அரங்கம் வழிந்தது. பதினெட்டுப் பேர் வாழ்த்துரை. பொன்னாடைகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன. எட்டேகால் மணிக்கு பூவராகன் எழுந்தார். முன்வரிசை நடுவில் பட்டுப்புடவையில் குமுதவல்லி. எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சு அதுதான் என்று பிறகு சொன்னார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, யாரும் திரும்பமாட்டார்கள் என்று தெரிந்தே காத்திருப்பதைப் பற்றிப் பேசினார். அமைச்சரே கண்ணைத் துடைத்தார். ஊரே கேட்டது. கேட்க வேண்டியவளுக்கு அது ஒரு சத்தம், ஆனால் அவள் முகத்தைத் திருப்பவில்லை.

பேச்சு முடிந்த ஆரவாரத்தில் நெடுஞ்சேரலாதனுக்கு உணர்ச்சி மேலிட்டு, தான் போட்ட திட்டமே மறந்துவிட்டது. மைக்கோடு கீழே இறங்கி ஓடி, குமுதவல்லியின் முன்னால் நீட்டினார்.

"அம்மா! முதன்முதலாக அய்யாவின் பேச்சைக் கேட்டீர்கள். தங்கள் திருவாயால் ஒரு வார்த்தை!"

அவள் மைக்கைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். பேசினாள். ஒரு நிமிடத்துக்குமேல், ஏற்ற இறக்கத்தோடு, இடையில் கையால் மேடையைச் சுட்டிக் காட்டி, கடைசியில் கொஞ்சம் குரல் தழுதழுக்க.

பிறகு அரங்கமே இடிந்துவிழுவதுபோலக் கைதட்டல். இரண்டாம் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற புலவர் ஒருவர், இது சங்கத் தமிழ், இப்போது யாருக்கும் விளங்காது என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

பூவராகன் மேடையில் அப்படியே நின்றார். அவளிடம் எழுதிக் கேட்டிருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை. எழுதினால் எப்போதும் எழுதுகிறதைத்தான் எழுதுவாள். வாயால் சொன்னது என்ன? குரல் தழுதழுத்ததே? மேடையைக் காட்டினாளே?

மறுநாள் காலை, விழாப் பதிவைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு, நேற்றைய வேட்டியோடு பலகையைத் தாண்டினார். சஞ்சுக்தா பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஓசூர் லாரி வெள்ளிக்கிழமை வருகிறது. அவளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா. அம்மா என்ன சொல்றாங்க?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். முழுவதும் கேட்டாள். மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். பூவராகன் மறுபடி போட்டார்.

"சொல்லும்மா. எதுவா இருந்தாலும் சொல்லு."

"அம்மா சொல்லுது..." என்று தமிழைத் தேடினாள் சஞ்சுக்தா. "எல்லா ஃபேனும் மேல மேடைக்கு வெச்சுட்டான். கீழே காத்து இல்ல. புடவை முழுக்க வேர்வை."

"இவ்வளவு நேரம் பேசினாளே?"

"அதேதான் சார். மூணு தடவை சொல்லுது."